ஆற்றுக்கு இடம் விட்ட பாலம்



முப்பது ஆண்டுக்கு மேல் பாலம் கட்டும் வேலையில் இருந்தவன் நான். எந்த ஊரில் பழைய பாலத்தைக் கண்டாலும் முதலில் கரையிறங்கி அடிப்பக்கம் போய்விடுவேன். தூணைத் தொட்டுப் பார்த்து, வெள்ளம் எந்த மட்டம்வரை ஏறியது என்று கறையைப் பார்த்து, பிறகுதான் மேலே வந்து நடப்பேன். இன்று நான் பேச வந்திருக்கும் பாலத்துக்கும் அப்படித்தான் அறிமுகமானேன். அது நம் நாட்டுப் பாலம் அல்ல. கம்போடியாவில், ஒரு சின்ன ஆற்றின் மேல், சந்தையும் பள்ளிக்கூடமும் உள்ள ஒரு நாட்டுப்புற ஊரின் ஓரத்தில் எண்ணூறு ஆண்டாக நிற்கிறது. ஊரின் பெயர் கம்போங் க்டெய். பாலத்தின் பெயர் ஸ்பியன் ப்ராப்தோஸ். கெமர் மொழியில் ‘ஸ்பியன்’ என்றால் பாலம். ‘கம்போங்’ என்றால் படகு அணையும் துறை. நம் ஊர்ப் பெயர்களில் ‘துறை’ வந்து ஒட்டிக்கொள்வது போல அங்கே பல ஊர்களின் பெயரில் இந்தக் கம்போங் முன்னால் நிற்கும்.

அங்கோர் வாட் கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் தங்குவது சியம் ரீப் நகரத்தில். அங்கிருந்து தலைநகர் புனோம் பென்னுக்குப் போகும் ஆறாம் எண் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வந்தால் இந்த ஊர். வழியெல்லாம் மூங்கில் குழலில் அரிசியையும் தேங்காய்ப்பாலையும் அடைத்துச் சுட்டு விற்கிறார்கள். இரண்டு குழல் வாங்கிக்கொண்டு போய்ப் பாலத்தடியில் உட்கார்ந்து உரித்துத் தின்றேன். மாசி மாதம். ஆற்றில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அதனால்தான் பாலத்தின் கால்களை முழுசாகப் பார்க்க முடிந்தது.

பார்த்தவுடன் மனசில் பட்டது, இது பாலமா, ஓட்டை வைத்த சுவரா என்பதுதான். ஏறக்குறைய 85 மீட்டர் நீளம். அதற்குள் இருபதுக்கு மேற்பட்ட கண்கள். ஒவ்வொரு கண்ணும் ஒடுங்கி உயர்ந்தது. ஒரு ஆள் கையை விரித்து நின்றால் இரண்டு பக்கச் சுவரையும் கிட்டத்தட்டத் தொட்டுவிடலாம். கண் எவ்வளவு அகலமோ, அதை ஒட்டி நிற்கும் தூணும் ஏறக்குறைய அவ்வளவு அகலம். அதாவது, ஆறு வரும் வழியில் பாதியைக் கல்லே அடைத்துக்கொண்டு நிற்கிறது. நான் வேலையில் இருந்தபோது எந்த இளம் பொறியாளராவது இப்படி ஒரு வரைபடம் கொண்டுவந்திருந்தால், ஆறு வரும் வழியை இப்படி அடைக்கலாமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் அந்தப் பாலம் எண்ணூறு மழைக்காலம் பார்த்திருக்கிறது. அப்படியானால் தப்பாக யோசிப்பது நான்தான் என்று அங்கேயே உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கினேன்.

ரோமானியர்கள் கட்டிய வளைவு எப்படி நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆப்புப் போலச் செதுக்கிய கற்களை வில்லாக நிறுத்தி, உச்சியில் கடைசிக் கல்லைச் செருகிவிட்டால் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட வளைவு பெரிய அகலத்தைத் தாண்டும். ஆனால் அது ஓயாமல் இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டே இருக்கும். பக்கத்து வளைவு அந்தத் தள்ளலை வாங்கி எதிர்த் தள்ளல் கொடுப்பதால்தான் மெல்லிய தூண் தாங்குகிறது. தூண் மெல்லியதாக உள்ள பாலத்தில் ஒரு வெள்ளத்தில் ஒரு வளைவு போனால், எதிர்த் தள்ளல் இல்லாமல் அடுத்தது சாயும். அதற்கு அடுத்ததும் சாயும்.

கெமர் கொத்தர்கள் கட்டியது வேறு வகை. கல்லைக் கிடையாகவே அடுக்கினார்கள். ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டிய கல் கவிழாமல் அதன் பின்பாதியை மேல்வரிசை அழுத்திப் பிடித்திருக்கும். இரண்டு பக்கமும் இப்படி ஏறி ஏறி வந்து உச்சியில் ஒன்றை ஒன்று சேரும். சிமெண்டும் கிடையாது, சுண்ணாம்புச் சாந்தும் கிடையாது, எடைதான் சாந்து. இது நமக்குப் புதிதல்ல. நம் கோயில் விமானங்களின் உட்கூடு இந்த முறையில்தான் ஒடுங்கி ஒடுங்கி மேலே போகிறது. கதலிகாகரணம் என்று அதற்குப் பெயர். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்குள்ளே இருக்கும் வெற்றிடமும் இப்படிக் குறுகி எழுந்ததுதான்.

இந்த முறையில் அகலமான கண் வைக்க முடியாது. கல் அவ்வளவு தூரம் நீட்டினால் கவிழ்ந்துவிடும். ஆகவே கண் குறுகும், கால் பெருகும், ஆற்றின் வழி அடைபடும். இது குறைதான். ஆனால் இதற்குள்ளேயே ஒரு பலம் இருக்கிறது. பாலத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அதை நினைத்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. கிடையாக அடுக்கிய கல் பக்கத்துத் தூணைத் தள்ளுவது மிகவும் குறைவு. பாரம் நேராகக் கீழே இறங்குகிறது. அதனால் ஒவ்வொரு தூணும் தன் காலில் தானே நிற்கிறது. ஒரு கண் இடிந்தாலும் அடுத்த கண்ணுக்கு ஆபத்தில்லை. அறுந்த இடத்தில் மரத்தைப் போட்டுக் கடந்துவிட்டு, கோடையில் கல்லை அடுக்கிக்கொள்ளலாம். தலைநகரிலிருந்து தலைமைச் சிற்பி வர வேண்டியதில்லை. உள்ளூர்க் கொத்தனே பழுது பார்க்கக்கூடிய பாலம் அது. வேலையில் இருந்த காலமெல்லாம் நான் பழுது பார்க்கும் செலவைக் கணக்கில் எழுதியவன்; பழுது பார்க்கப் போகிற ஆளை நினைத்துக் கட்டியதில்லை. இதை இந்த மேடையில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன்.

சரி, ஆற்றின் வழி பாதி அடைபட்டதே, அதற்கு என்ன செய்தார்கள்? கெமர் பாலங்களை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்: பாலம் வரும் இடத்தில் ஆற்றின் படுகையையே அகலப்படுத்தினார்கள். கல் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டதோ அவ்வளவு இடத்தைக் கரையை வெட்டி ஆற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பொதுவாக நாங்கள் பாலத்துக்கு இடம் தேடும்போது ஆறு எங்கே குறுகலாக இருக்கிறது என்று பார்ப்போம். அங்கேதான் செலவு குறையும். அவர்கள் நீளமான பாலத்தை ஏற்றுக்கொண்டு ஆற்றை மூச்சு விடவைத்தார்கள்.

அந்த ஆறு சிக்ரெங். வடக்கே இருக்கும் மேட்டு நிலத்திலிருந்து இறங்கித் தெற்கே தொன்லே சாப் என்ற பெரிய ஏரியில் சேர்கிறது. அந்த ஏரியைப் பற்றிச் சொல்லாமல் அந்த நாட்டுச் சாலையைப் பற்றிப் பேச முடியாது. கோடையில் ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி, மழைக்காலத்தில் 15,000 சதுர கிலோமீட்டர்வரை விரியும். மீகாங் ஆறு பெருகும்போது, ஏரியிலிருந்து வெளியே ஓட வேண்டிய ஆறு திரும்பி ஏரிக்குள்ளேயே ஓடும். இப்படி வீங்கி வற்றும் ஏரியின் கரையில் ஒரு நிரந்தரச் சாலை போட வேண்டுமென்றால் வெள்ளம் தொடும் எல்லைக்குச் சற்று மேலேதான் போட முடியும். அங்கே போட்டால் மேட்டிலிருந்து ஏரிக்கு இறங்கும் ஒவ்வொரு ஓடையையும் சாலை குறுக்கே வெட்டியாக வேண்டும். ஆகவே பாலத்துக்கு மேல் பாலம். இன்றைய நெடுஞ்சாலையும் அந்தப் பழைய தடத்தை ஒட்டியே போகிறது. கம்போங் க்டெய் போகும் வழியில் இதைவிடச் சிறிய பழைய கற்பாலங்கள் வேறு சிலவும் உண்டு. காரில் போகிறவர்களின் கண்ணில் படாது.

இந்தப் பாலத்தைக் கெமர் மன்னன் ஏழாம் ஜெயவர்மன் காலத்தது என்று சொல்கிறார்கள். 1177-இல் சாம்பா நாட்டுப் படை வந்து தலைநகரமான அங்கோரைச் சூறையாடியது. அதன்பின் நாட்டை மீட்டு 1181-இல் முடிசூடியவன் அவன். அவன் கல்வெட்டுகளைப் படித்தால் கோயில்களைப் போலவே மருத்துவமனைகளும் வழித்தங்கல்களும் எண்ணிக்கையோடு வருகின்றன. தா ப்ரோம் கோயில் கல்வெட்டில், ஆண்டு 1186, நாடு முழுவதும் 102 மருத்துவமனைகள் என்று இருக்கிறது. 1191-இல் எழுதப்பட்ட ப்ரா கான் கல்வெட்டில் சாலையோரம் 121 ‘வஹ்னி கிருஹம்’, அதாவது நெருப்பு வீடு. அவற்றில் 57 சாம்பா போகும் வழியில், 17 இன்றைய தாய்லாந்தில் இருக்கும் பிமாய் போகும் வழியில். நமக்குச் சத்திரம் என்றால் உடனே புரியும். வழிப்போக்கன் வந்து சேரும் இடம். அடுப்பு எரியும், குடிக்கத் தண்ணீர் இருக்கும், விடிந்தால் அடுத்த சத்திரம் ஒரு நாள் நடைக்குள் வரும். நூறு ஆண்டு கழித்து, 1296-இல், சீனத் தூதுக் குழுவோடு வந்த ச்சோ தாகுவான் என்பவரும் பெருவழிகளில் இப்படித் தங்குமிடங்கள் இருந்ததை எழுதி வைத்திருக்கிறார்.

மருத்துவமனைகள் மரத்தாலும் ஓலையாலும் கட்டியவை. அவற்றின் கல் வழிபாட்டறைதான் சில இடங்களில் மிச்சம். தங்கியவர்கள் சமைத்த அடுப்பு இல்லை. அரண்மனையே இல்லை, அதுவும் மரம்தான். கோயில்கள் பலவற்றில் காடு புகுந்தது. ஆனால் பாலம் வேலையை விடவில்லை. அங்கோர் தலைநகரம் கைவிடப்பட்ட பிறகும் சிக்ரெங் ஆற்றின் இரண்டு கரையிலும் மக்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மாடு ஓட்ட வேண்டும், நெல் கொண்டுபோக வேண்டும், பெண் கொடுத்த வீட்டுக்குப் போய்வர வேண்டும். பாயோன் கோயில் சுவர்ச் சிற்பத்தில் படை நடக்கிறது, யானை நடக்கிறது, பின்னால் சோறு பொங்கும் பாத்திரம் ஏற்றிய மாட்டுவண்டி வருகிறது. அதே சாயல் வண்டியை இன்றும் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பார்க்கலாம்.

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தப் பாலத்தின் உடல் முழுவதும் செம்பூராங்கல். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலையாளத்தில் வெட்டுகல் என்பார்கள். மண்ணுக்குள் இருக்கும்போது மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் இணங்கும்; வெட்டி வெளியே எடுத்துக் காற்றும் வெயிலும் பட்டால் இறுகிக் கல்லாகிவிடும். உலகம் முழுவதும் இதற்கு வழங்கும் லேட்டரைட் என்ற பெயர் பிறந்தது நமக்குப் பக்கத்தில்தான். திப்பு வீழ்ந்த பிறகு 1800-இல் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தென்னாட்டைச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், மலபாரில் அங்காடிப்புரத்தில் மக்கள் இந்தக் கல்லைச் செங்கல் போல வெட்டி வீடு கட்டுவதைப் பார்த்தார். செங்கல்லுக்கு லத்தீனில் உள்ள சொல்லை வைத்து இந்தப் பெயரைக் கொடுத்தார். 1807-இல் வந்த அவருடைய பயண நூலில் இது இருக்கிறது. அங்காடிப்புரத்தில் கூரை தாங்கிய அதே வகைக் கல் கம்போங் க்டெயில் ஆறு தாண்டிக்கொண்டிருக்கிறது. கல்லுக்கும் இரண்டு நாட்டுக்கும் உள்ள உறவில் இன்னொன்றும் உண்டு: காம்போஜ மன்னன், அதாவது கம்போடிய அரசன், குலோத்துங்க சோழனுக்குக் காட்சிப் பொருளாகக் காட்டிய ஒரு கல்லைச் சிதம்பரம் கோயிலில் பதித்ததாக அங்கே 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து சிதம்பரம் போகும்போதெல்லாம் சுவரைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கிறேன்.

பாலத்தின் கைப்பிடிச் சுவர் மட்டும் மணற்கல். அது நாகம். இக்கரையிலிருந்து அக்கரைவரை பாம்பின் உடல் நீண்டு போகிறது. நான்கு முனையிலும் ஒன்பது தலை விரித்துப் படம் எடுத்து நிற்கிறது. நாக இளவரசியை மணந்த அந்நியன் ஒருவனிடமிருந்து தங்கள் நாடு தோன்றியது என்பது கெமர் மக்களின் ஆதிக் கதை. கோயில் அகழியைத் தாண்டும் பாதைகளில் நாகம் வருவதற்கு, மனித உலகத்தையும் தேவ உலகத்தையும் இணைக்கும் வானவில் அது என்று ஜார்ஜ் செதெஸ் என்ற அறிஞர் விளக்கம் தந்தார். எனக்கு அந்த விளக்கம் பிடிக்கும். ஆனால் இங்கே பாலத்துக்கு அந்தப் பக்கம் தேவலோகம் இல்லை, சந்தை இருக்கிறது. சந்தைக்குப் போகிறவனுக்கும் கோயிலுக்குப் போகிறவனுக்குச் செய்த அதே நாகத்தைச் செதுக்கி வைத்தார்களே, அந்த மனசைத்தான் நான் கும்பிடுகிறேன்.

இனி, பாதுகாப்பு. இந்தப் பாலத்தின் மேல் இருபதாம் நூற்றாண்டில் நெடுஞ்சாலையே போனது. யானைக்கும் மாட்டுவண்டிக்கும் அடுக்கிய கல், பிரெஞ்சு ஆட்சியில் மோட்டாரைத் தாங்கியது; பிறகு லாரியைத் தாங்கியது. போரையும் தாங்கியது. அந்த மண் பட்டதைப் பற்றி ஒரு வரியாவது சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனசில்லை. 1977-இல் இந்தச் சிக்ரெங் பகுதி மக்கள் கெமர் ரூஜ் ஆட்சியை எதிர்த்து எழுந்தார்கள், கொடூரமாக ஒடுக்கப்பட்டார்கள். நான் நின்ற பாலத்தின் வழியாகத்தான் அந்த வருஷம் யார் யார் ஓடினார்கள், யார் யார் கொண்டுபோகப்பட்டார்கள் என்று நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

அமைதி வந்து நெடுஞ்சாலை நன்றான பிறகுதான் பாலத்துக்கு நிஜமான ஆபத்து வந்தது. சாந்து இல்லாமல் அடுக்கிய கல்லுக்கு நிற்கும் பாரத்தைவிட அதிரும் பாரம் கெடுதல். ஒவ்வொரு லாரியும் கல்லைக் கல்லிலிருந்து இம்மி இம்மியாக நகர்த்தும். இடுக்கு விரியும், அதில் மழைநீர் இறங்கும், ஆலங்கன்று வேர் விடும். இந்த இடத்தில் எந்த நெடுஞ்சாலைப் பொறியாளருக்கும் முதலில் தோன்றுவது பாலத்தைப் பலப்படுத்தலாம் என்பது. மேலே கான்கிரீட் பலகை போடலாம், கண்ணுக்குள் இரும்பு வைக்கலாம், பக்கத்தில் ஒட்டி அகலப்படுத்தலாம். நானே அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு பழைய பாலத்தின் இரண்டு பக்கமும் கான்கிரீட்டை ஒட்டி அகலப்படுத்திய வேலையில் கையெழுத்துப் போட்டவன் நான். பத்து ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது பழையது ஒரு மாதிரி அமுங்கி, புதியது வேறு மாதிரி அமுங்கி, நடுவில் விரல் நுழையும் பிளவு. அதை மறக்க முடியவில்லை.

கம்போங் க்டெயில் அப்படிச் செய்யவில்லை. சாலையைத் தள்ளிக் கொண்டுபோய் ஆற்றுக்குக் குறுக்கே வேறு பாலம் கட்டினார்கள். லாரியும் பேருந்தும் அந்த வழியே போகின்றன. பழைய பாலத்தின் மேல் நடப்பவர்கள், சைக்கிள், மோட்டார் சைக்கிள் மட்டும். கம்போடியாவில் 1996-இலிருந்து பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் இருக்கிறது. 2001-இல் வெளிவந்த 5,000 ரியால் நோட்டின் பின்பக்கத்தில் இந்தப் பாலத்தின் படமே இருக்கிறது. அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் பாலத்தைக் காப்பாற்றியது, பாரத்தைத் தள்ளிவிட்டு ஆளை மட்டும் விட்டுவைத்த அந்த முடிவுதான் என்று நினைக்கிறேன். முழுக்கப் பூட்டி வேலி போட்டிருந்தால் நான்கு வருஷத்தில் புதர் மண்டியிருக்கும். தினமும் நடக்கிறவனுக்குத்தான் நேற்றில்லாத பிளவு இன்று கண்ணில் படும்.

அங்கோர் நகரத்துக்குள்ளேயே ஸ்பியன் த்மா என்று ஒரு பாலம் இருக்கிறது. ‘கற்பாலம்’ என்றே பொருள். அதற்கு உலகப் பாரம்பரியச் சின்னப் பகுதிக்குள் எல்லாப் பாதுகாப்பும் உண்டு. பழைய கட்டடங்களின் மணற்கல்லை எடுத்துக் கட்டியது. கண் ஒவ்வொன்றும் ஒரு மீட்டரை ஒட்டித்தான், தூண்கள் அதைவிடத் தடிமன். நான் போனபோது அதன் கண்களுக்குள் ஈரம்கூட இல்லை. ஆறு பக்கவாட்டில் கரையை அறுத்துக்கொண்டு, பாலத்தைச் சுற்றி, பல மீட்டர் ஆழத்தில் வேறு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. பாலம் மரவேர்களோடு கரையில் நிற்கிறது. கம்போங் க்டெயைப் பார்த்த கையோடு அதைப் பார்த்தேன். இரண்டும் ஒரே வகைக் கட்டுமானம். ஒன்றில் ஆறு இன்னும் கண்ணுக்குள் ஓடுகிறது. இன்னொன்றை ஆறு விட்டுப் போய்விட்டது.

கடைசியாக ஒன்று. கம்போங் க்டெயில் நான் பாலத்தடியில் கண்களை எண்ணிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பையன் சைக்கிளைக் கரையில் போட்டுவிட்டு இறங்கி வந்து, நான் விரல் மடக்குவதைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அவன் மொழியில் எண்ணத் தொடங்கினான். மோய், பீ, பெய், புவன், ப்ராம். ஐந்துக்கு மேல் அவர்களுக்குத் தனிச் சொல் கிடையாது. ப்ராம்-மோய் என்றால் ஐந்தும் ஒன்றும். ப்ராம்-பீ ஐந்தும் இரண்டும். பத்து வந்தால்தான் புதுச் சொல். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு சொல்லாக அவன் முன்னால் போக, நான் தமிழில் பின்னால் சொல்லிக்கொண்டே போனேன். ஈர மண்ணில் இரண்டு பேர் செருப்பும் புதைந்தது. மேலே மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கல் வழியாக மெதுவாக இறங்கி வந்தது. இருபதுக்கு அவர்கள் சொல்லும் ‘ம்பெய்’ வந்த பிறகும் கண் மீதி இருந்தது. அந்தப் பக்கம் நாணல் அடர்ந்து வழியை மறைத்தது. பையன் நாணலை விலக்கிப் பிடித்துக்கொண்டு, வாருங்கள் என்று கையைக் காட்டினான்.